மலையும் ஏடும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 3 கிலோமீற்றர் சென்றால், பெரும்பாறைகள் பிளந்தும் சாய்ந்தும் ஒன்றையொன்று தாங்கியும் நிற்கும் ஓரிடத்தைக் காணலாம். அவ்விடமே அலுவிகாரை. பாறை இடுக்குகளில் குகைகள். குகைகளுள்ளே புத்தர் திருவுருவங்கள். சுற்றிலும் மிளகும் கொக்கோவும் ஏலமும் வளரும் வாசனைத் தோட்டங்கள். படிகளில் ஏறி உச்சியை அடைந்தால் பள்ளத்தாக்கும், அதற்கப்பால் அடுக்கடுக்காக மலைகளும் கண்ணுக்குத் தெரியும்.

அங்கு வருவோர்க்கு ஓலையில் எழுதும் முறையைச் செய்து காட்டுவது வழக்கம். பதப்படுத்திய தாளிப்பனை ஓலையில் எழுத்தாணியால் எழுதுவார்கள். எழுதி முடித்ததும் பார்த்தால் ஓலையில் ஒன்றும் இருப்பதாகத் தோன்றாது. கூர்ந்து நோக்கினால் நகக்கீறல் போன்ற கோடுகள் மட்டுமே தெரியும். பின்னர் எண்ணெயிற் குழைத்த கரியைத் தடவித் துடைத்துவிடுவார்கள். அப்போதுதான் எழுத்துகள் கருகருவென்று எழுந்து நிற்கும்.

அந்த ஓலைக்கு அவ்விடத்தில் தனி உரிமை உண்டு. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் ஆண்ட காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பாளித் திருமறைகள் ஏட்டில் எழுதப்பட்டன. எழுதப்பட்ட செய்தியை மகாவம்சம் கூறுகிறது. எழுதப்பட்ட இடம் அலுவிகாரை என்பதைப் பிற்கால நூல்களும் மரபும் கூறுகின்றன. எழுதியதற்கான காரணந்தான் நாம் நினைந்து பார்க்கத்தக்கது. நாட்டிற் போரும் பெரும்பஞ்சமும் நிலவின. ஓதும் துறவிகள் மடிந்தால் ஓதப்படுவதும் அவர்களோடு மடிந்துவிடும். மலைநாட்டிற் புகுந்து கிழங்கும் இலையும் உண்டு உயிர்தாங்கிய துறவிகள் சிலர், அமர்ந்து ஓதுவதற்கும் வலுவின்றி, மணலைக் குவித்து அதில் தலைசாய்த்துப் படுத்தபடியே ஓதினர் என்று பழைய உரைநூல்கள் கூறும். மகாநித்தேசம் என்னும் நூலை முழுதும் அறிந்தவர் அக்காலத்தில் ஒரேயொருவர்தான் எஞ்சியிருந்தாராம். அவரோ ஒழுக்கத்திற் குறைந்தவர். அவரிடம் சென்று பாடங்கேட்கப் பெரியோர் கூசினர். ஆயினும் நூல் அழிந்துவிடலாகாதே என்று கேட்டுக் கற்றனர். ஓர் அறிவு ஒரு மனிதனுடைய உடலுக்குள் மட்டும் குடியிருந்தால் அதன் நிலை எவ்வளவு இரங்கத்தக்கது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நேயர்களே, இன்றைய பேச்சுக்குரிய பொருள் சமய வரலாறு அன்று, உடற்கல்வி. அதிலும், மாணவரை மைதானத்துக்கு அப்பால் மலைக்கும் காட்டுக்கும் ஆற்றுக்கும் அழைத்துச் சென்று கற்பிக்கும் ஆசிரியருக்குப் பல்கலைக்கழக மட்டத்திற் பட்டப்பின் படிப்பு ஒன்று தேவையா என்ற கேள்வி. மேலைநாடுகளில் இதனைச் சாகசக் கல்வி என்றும் வெளிக்களக் கல்வி என்றும் வழங்குவர். "மலையேறுவதற்கும் ஒரு பட்டமா? எங்கள் பாட்டன்மார் எந்தப் பல்கலைக்கழகத்திற் படித்து மலையேறினார்கள்?" என்று கேட்பவர் நம்மிடையே பலர். கேள்வி நியாயமற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. ஏறுவதற்குப் பட்டம் வேண்டியதில்லை. பிறர் பிள்ளைகள் 30 பேரை ஏற்றிச் சென்று 30 பேரையும் இறக்கிக்கொண்டு வருவதும், அந்த ஏற்றத்தால் அவர்கள் எதையேனும் கற்றார்கள் என்று சொல்லக்கூடியதாகச் செய்வதும் வேறு கலை.

இக்கலைக்கு மாத்தளை அந்நியமான ஊர் அன்று. இலங்கையிற் சாரணர் இயக்கம் பிறந்ததே இங்குதான். 1912-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்பவர் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் நாட்டின் முதலாவது சாரணர் குழுவை அமைத்தார். கூடாரம் அடித்தல், முடிச்சுப் போடுதல், தடம்பார்த்து நடத்தல், நெருப்பு மூட்டிச் சமைத்தல் என்று வகுப்பறைச் சுவருக்கு வெளியே ஒரு கல்வி அன்று இந்நகரில் வேரூன்றியது.

அதே 1912-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் 4-ஆம் நாள், இங்கிலாந்திலே லண்டன் வால்வேர்த் பகுதியைச் சேர்ந்த சாரணச் சிறுவர் ஒரு பாய்மரப் படகில் விடுமுறை முகாமுக்குச் சென்றனர். தேம்ஸ் நதி கடலோடு கலக்கும் இடத்தில், லெய்ஸ்டவுன் கரைக்கு அருகில், திடீரென வீசிய காற்றிற் படகு கவிழ்ந்தது. உடன்வந்த பெரியோர் இயன்றவரை நீந்தி மீட்டனர்; ஆயினும் 9 சிறுவர் மாண்டனர். அன்பும் துணிவும் அப்பெரியோரிடம் இல்லாமற் போகவில்லை. முறையான தலைவர் பயிற்சி என்ற ஒன்றுதான் அக்காலத்தில் இன்னும் தோன்றவில்லை. பேடன் பவல் 1907-இல் முதல் முகாமை நடத்தினார். சாரணத் தலைவர்களுக்கான பயிற்சி வகுப்பு கில்வெல் பூங்காவில் தொடங்கியதோ 1919-இல். பிள்ளைகள் முதலிற் புறப்பட்டுவிட்டனர். ஆசிரியரை ஆயத்தம் செய்யும் எண்ணம் 12 ஆண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தது. சாகசக் கல்வியின் வரலாறு நெடுகிலும் இந்த முன்பின் மாற்றம் திரும்பத் திரும்ப நிகழ்ந்திருப்பதைக் காணலாம்.

இம்மாற்றத்திற்கு விலக்காக நின்ற ஒரு நிகழ்ச்சி நம் அண்டை நாட்டில் உண்டு. 1953 மே 29-இல் எவரெஸ்ட் சிகரத்தில் எட்மண்ட் ஹிலாரியுடன் கால் வைத்தவர் டென்சிங் நோர்கே. அவர் எழுதப் படிக்கக் கற்றவரல்லர்; மொழிகள் பல பேசுவார்; மலையைப் பற்றி அவர் அறிந்ததனைத்தும் அவர் காலிலும் கையிலும் மூச்சிலும் இருந்தது. மறு ஆண்டு, 1954 நவம்பர் 4-இல், டார்ஜிலிங் நகரில் இமாலய மலையேற்றக் கல்வி நிலையம் தொடங்கப்பட்டது. களப்பயிற்சிக்குத் தலைமை ஏற்கத் தெரிவு செய்யப்பட்டவர் டென்சிங். உலகின் மிகவுயர்ந்த சிகரத்தில் ஏறியவருக்கு வேறென்ன தகுதி வேண்டும் என்று அவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. ஷேர்ப்பாக்கள் சிலருடன் அவரைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே ரோசன்லாவி என்னும் இடத்தில் ஆர்னோல்ட் கிளாட்ஹார்ட் நடத்திய மலையேற்றப் பள்ளியில், எவரெஸ்ட் ஏறிய மனிதர் மாணவராக அமர்ந்தார். ஏறுவது எப்படி என்று கற்க அவர் போகவில்லை. கற்பிப்பது எப்படி என்று கற்கப் போனார். முடிச்சை எந்த வரிசையிற் சொல்லிக்கொடுப்பது, அஞ்சுகின்ற மாணவனை எவ்வளவு தூரம் விடுவது, ஒரு செயலை எப்படிப் பிரித்துக் காட்டுவது ஆகியவையே அங்கே பாடங்கள். உடலிலிருந்த அறிவு பாடமுறையாயிற்று. அந்நிலையத்திற் பிறநாட்டாரும் பயின்றனர். 2016 மே 21-இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையராகிய ஜயந்தி குறு உதும்பாலவும் டார்ஜிலிங்கில் பயிற்சி பெற்றவரே.

இனி, ஆயத்தம் போதாமையால் விளைந்த துயரம் ஒன்றைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடைத்து.

ஸ்கொட்லாந்தில் கேர்ண்கோர்ம் என்றொரு மலைப்பீடம் உண்டு. உயரம் ஏறக்குறைய 1,200 மீற்றர். நம் பீதுருதாலகால மலையின் பாதி உயரத்தையும் எட்டாது. ஆனால் குளிர்காலத்தில் அங்கே வீசும் காற்றும் பனியும் துருவப்பகுதியை ஒத்தவை. 1971 நவம்பரில் எடின்பரோ நகரப் பாடசாலை ஒன்றின் மாணவர்கள் இரு பிரிவாக அம்மலைப்பீடத்தைக் கடக்கப் புறப்பட்டனர். வலியவர் ஒரு பிரிவு. மெலியவர் மற்றொரு பிரிவு. மெலிய பிரிவுக்குத் தலைவியாகச் சென்றவர், உடற்கல்விக் கல்லூரியிற் படிப்பை இன்னும் முடிக்காத ஓர் இளம்பெண். அவருக்குத் துணையாகச் சென்றவர் 18 வயதுப் பெண்ணொருத்தி. மலைமேல் ஆபத்துக்கால ஒதுங்கிடமாகச் சிறு குடில்கள் இருந்தன. பனிப்புயல் எழுந்தது. வலிய பிரிவு குடில் ஒன்றை அடைந்து தப்பியது. மெலிய பிரிவால் குடிலைக் கண்டுபிடிக்க இயலவில்லை. திறந்த வெளியில், பனிக்கடியில், இரண்டு இரவுகள் கழிந்தன. தலைவி உதவி தேடித் தவழ்ந்து சென்றபோது மீட்புக் குழுவினர் அவரைக் கண்டனர். 5 மாணவரும் துணைத் தலைவியும் உயிரிழந்தனர். தலைவியும் ஒரு மாணவனும் மட்டுமே பிழைத்தனர்.

அவ்விளம்பெண்ணைக் குறைகூறுவது எளிது, நீதியாகாது. அவரிடம் மனவலிமை இருந்தது. பனியிலே தவழ்ந்து சென்றதே அதற்குச் சான்று. நாம் ஆராயவேண்டிய கேள்விகள் வேறு. மெலிந்த பிள்ளைகளை அனுபவம் குறைந்தவரிடமும், வலிய பிள்ளைகளை அனுபவம் மிகுந்தவரிடமும் பிரித்துக் கொடுப்பது சரியா? வானிலை அறிக்கையைப் படித்தபின் "இன்று போவதில்லை" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? மேலே ஒரு குடில் இருக்கிறது என்ற நம்பிக்கையே, திரும்பவேண்டிய வேளையில் ஒருவரைத் திரும்பவிடாமற் செய்கிறதல்லவா? இவை கால்வலிமையைச் சேர்ந்த கேள்விகளே அல்ல, தீர்மானத்தைச் சேர்ந்தவை. பிரித்தானியாவில் மலைத்தலைவர்க்கான சான்றிதழ் 1964 முதல் நடைமுறையில் இருந்தது. இத்துயரத்தின் பின்னரே, குளிர்கால மலைக்கு மாணவரை அழைத்துச் செல்வோரின் தகுதி நாடு முழுவதும் கடுமையாக ஆராயப்பட்டது. ஆசிரியர்க்கான வெளிக்களக் கல்வியைப் பட்டப்பின் படிப்பாக வளர்த்த இடங்களுள் அதே எடின்பரோ நகரின் மோரே ஹவுஸ் ஆசிரியர் கல்லூரியும் ஒன்று. அக்கல்லூரி 1998-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

எழுதிவைத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 1993 மார்ச் 22-இல் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவிற் சிறுபடகுப் பயிற்சிக்குச் சென்ற பிளிமத் நகர மாணவர் நால்வர் மூழ்கி இறந்தனர். அப்பயிற்சி நிலையத்திற் பணிபுரிந்த இருவர், பாதுகாப்புக் குறைபாடுகளை எடுத்துக்காட்டி முன்னரே கடிதம் எழுதியிருந்தனர். கடிதம் இருந்தது, அதன்படி நடப்பார் இல்லை. 1995-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

இவ்வளவு ஆபத்து உண்டென்றால் இக்கல்வியை விட்டுவிடலாகாதா என்று பெற்றோர் கேட்கக்கூடும். இதற்கு விடை இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே கிடைத்தது. அத்திலாந்திக் கடலிற் கப்பல்கள் தாக்குண்டு மூழ்கியபோது, உடல் வலிய இளம் மாலுமிகள் உயிர்ப்படகுகளில் மனமுடைந்து இறக்க, வயது முதிர்ந்தோர் பிழைத்து வருவதைக் கப்பல் முதலாளி லோரன்ஸ் ஹோல்ட் கவனித்தார். கல்வியாளர் கேர்ட் ஹான் என்பவரோடு சேர்ந்து 1941-இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவியில் அவர் தொடங்கிய பள்ளியே பின்னர் "அவுட்வேர்ட் பவுண்ட்" என்ற உலக இயக்கமாயிற்று. வசதியான காலத்தில் ஒருபோதும் சோதிக்கப்படாத மனம், சோதனை வந்த நாளிற் கைகொடுப்பதில்லை என்பது அவர்கள் கண்ட உண்மை.

இந்த இயக்கத்தைக் கடற்கரையிலிருந்தும் மலையிலிருந்தும் சாதாரணப் பாடசாலையின் உடற்கல்விப் பாடவேளைக்குள் கொண்டுவந்தவர் ஓர் அதிபர் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஹமில்டன் வென்ஹம் உயர்நிலைப் பாடசாலையின் அதிபர் ஜெரி பீ, 1971-இல் "புரொஜெக்ட் அட்வெஞ்சர்" என்ற திட்டத்தை ஆரம்பித்தார். அவர் தந்தையார் மின்னசோட்டாவில் "அவுட்வேர்ட் பவுண்ட்" பள்ளியை நிறுவியவர். எல்லாப் பிள்ளைகளையும் இருபது நாள் காட்டுக்கு அனுப்ப எந்தப் பாடசாலைக்கும் இயலாது. ஆகவே மரங்களுக்கிடையே கயிறுகளைக் கட்டினார்கள். ஒரு சுவரைக் குழுவாகத் தாண்டும் சோதனையை வைத்தார்கள். கண்ணைக் கட்டி நடக்கும் தோழனை வழிநடத்தும் பயிற்சியைக் கொடுத்தார்கள். இத்திட்டத்தில் உழைத்த கார்ல் றோங்கி என்பவர் வகுத்த நெறி ஒன்று மிக உயர்ந்தது: சவாலின் அளவைத் தெரிவு செய்யும் உரிமை பிள்ளைக்கே உரியது. கயிற்றின் பாதியில் நின்று "இவ்வளவு போதும்" என்று சொல்லும் சிறுமியை எவரும் நகைப்பதில்லை. அவள் எங்கிருந்து புறப்பட்டாள் என்பதே கணக்கு. ஓட்டப்பந்தயத்திற் கடைசியாக வருகின்ற பிள்ளைக்கு நம் உடற்கல்விப் பாடவேளை இதுவரை கொடுத்தது என்ன என்பதை எண்ணிப் பார்ப்போர் இந்நெறியின் அருமையை உணர்வர்.

இத்துறையில் அமெரிக்காவிற் பெயர்பெற்ற இடங்களுள் நியூயோர்க் மாநிலத்தின் கோர்ட்லண்ட் கல்லூரி ஒன்று. அடிரொண்டாக் மலைக்காட்டில், றாக்கெட் ஏரிக்கரையில், பழைய மரவீடுகள் கொண்ட ஒரு முகாமை அக்கல்லூரி 1948-ஆம் ஆண்டிலேயே தனக்கு வெளிக்கள வகுப்பறையாகப் பெற்றுக்கொண்டது. உடற்கல்வி ஆசிரியர்க்கான பட்டப்பின் படிப்பிற் சாகசக் கல்வியையும் ஒரு சிறப்புப் பிரிவாக அது அளித்து வந்திருக்கிறது.

இத்தகைய படிப்பில் என்னதான் கற்பிக்கிறார்கள்? கயிறு, முடிச்சு, திசைகாட்டி, வரைபடம், மருத்துவமனை அருகில் இல்லாத இடத்து முதலுதவி ஆகியன ஒருபுறம். இவற்றைத் திறமையான ஒருவர் சில மாதங்களில் கற்றுவிடலாம். கடினமானது அடுத்தது. ஆபத்தை அளப்பது எப்படி? பிள்ளையின் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும் ஆபத்து வேறு. உண்மையான ஆபத்து வேறு. இருபது அடி உயரக் கயிற்றிற் பாதுகாப்புக் கச்சையோடு தொங்குவது நெஞ்சை நடுங்கச்செய்யும். ஆனால் விழுந்துவிட இடமில்லை. முழங்காலளவு நீருள்ள அழகிய ஓடையோ எவரையும் அச்சுறுத்துவதில்லை. ஆளைக் கொண்டுபோவது அதுதான். முதலாவதைக் கொடுத்து இரண்டாவதை விலக்கத் தெரிந்தவரே ஆசிரியர்.

அதனினும் கடினமானது, மாலையில் நடக்கும் உரையாடல். நடந்து களைத்த பிள்ளைகள் வட்டமாக அமர்கின்றனர். இன்று எவ்விடத்திற் குழு உடைந்தது? யார் பின்தங்கியபோது யார் நின்றார்? நின்றவர் ஏன் நின்றார்? ஆசிரியர் கேட்கிறார், விடை சொல்வதில்லை. அலுவிகாரையின் ஓலையை நினைத்துக்கொள்க. பகலெல்லாம் மலை கீறிய கோடுகள் பிள்ளையின் மனத்தில் இருக்கின்றன. ஆனால் படிக்க முடியாதிருக்கின்றன. கரியைத் தடவித் துடைக்க ஒரு கை வேண்டும். அக்கையைப் பழக்குவதற்கு உளவியலும் கல்வித் தத்துவமும் வேண்டும். பிறர் செய்த ஆராய்ச்சியைப் படிக்கவும், தாம் செய்ததை எழுதவும் பழக்கம் வேண்டும். பட்டப்பின் படிப்பு என்பது இதற்கே.

தமிழ் வழங்கும் நிலங்களில் இவ்வித்து ஊன்றப்பட்டு நூறாண்டுகள் கடந்துவிட்டன. 1920-ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய வை. எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே அவ்வகையில் முதலாவது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியோடு சென்றவரும் அவரே. 1943-இற் சென்னையிலேயே அவர் காலமானார். அவர் கல்லூரியில் முகாம் வாழ்க்கையும் பயிற்சியின் ஓர் அங்கமாயிருந்தது. வடக்கே குவாலியரில் 1957 ஆகஸ்ட் 17-இல் தொடங்கப்பட்ட லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி, உடற்கல்வியிற் பட்டத்தையும், 1963 முதல் முதுநிலைப் பட்டத்தையும் வழங்கலாயிற்று. தமிழ்நாட்டில் உடற்கல்விக்கும் விளையாட்டுக்குமெனத் தனிப் பல்கலைக்கழகமே 2005 முதல் இயங்குகிறது. இலங்கையிற் சுகாதாரமும் உடற்கல்வியும் 6-ஆம் தரம் முதல் 9-ஆம் தரம் வரை கட்டாய பாடம். பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானத்துக்கும் உடற்கல்விக்கும் தனித்துறை உண்டு. ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில் அமைந்த துறை அது. மலையை ஆய்வுகூடமாகக் கொள்ளும் பட்டப்பின் படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான வாசற்படி இந்நாட்டிற் கிடைப்பது அரிது.

ஆயினும் மாத்தளையார்க்குத் தங்கள் மலையின்மீது ஒரு பெருமை உண்டு. இரத்தோட்டை வழியாக ஏறினால் ரிவர்ஸ்டன். அதற்கப்பால் பிட்டவலைப் புல்வெளி. சுற்றிலும் நக்கிள்ஸ் மலைத்தொடர். மடித்த விரல்களின் கணுக்கள் போலத் தோன்றியதால் ஆங்கிலேயர் இட்ட பெயர் அது, சிங்களத்தில் தும்பறை. கொம்பனியா என்ற அதன் உயர்ந்த சிகரம் 1,906 மீற்றர். 2010-இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. இம்மலை அழகியது, எளியதன்று. கிழக்குச் சரிவு மார்கழி, தை மாதங்களின் வடகீழ்ப் பருவமழையில் நனைந்துகொண்டிருக்கும்போது மேற்குச் சரிவின் நிலைமை வேறாயிருக்கும். உச்சியிற் காற்று ஓயாது வீசுவதால் மரங்களே குள்ளமாக வளைந்து வளர்கின்றன. காலை 10 மணிக்கு எதிர்மலையின் கல்லை எண்ணலாம். 11 மணிக்கு முன்னே நடப்பவனின் முதுகு தெரியாது. உச்சியிற் பெய்த மழை அடிவாரத்து ஓடையிற் பின்னர் வந்து சேரும். குளிப்பவர் தலைமேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

இவ்வகை அறியாமைக்கு நாம் ஸ்கொட்லாந்து வரை உதாரணம் தேடவேண்டியதில்லை. 2018 மார்ச் 11-இல், தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், நடைப்பயணம் சென்று இறங்கிவந்தோர் காட்டுத் தீயில் அகப்பட்டனர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுட் பலர் இளம்பெண்கள். கோடையிற் காய்ந்த போதைப்புல்லும் சரிவில் மேல்நோக்கி விரையும் நெருப்பும் எத்தகையவை என்பது அம்மலையில் ஆடுமாடு மேய்ப்போருக்குத் தெரிந்திருக்கும். நகரிலிருந்து வந்தோர்க்கு அதைச் சொல்ல ஏடும் இல்லை, ஆசானும் இல்லை. அவ்வாண்டிலேயே அம்மாநில அரசு மலைநடையை ஒழுங்குசெய்யும் விதிகளை வெளியிட்டது. நம் நாட்டுப் புல்மலைகளும் வறட்சியில் எரிகின்றன என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை.

இங்கே மற்றொன்றையும் சொல்லவேண்டும். மேலைநாட்டுச் சாகசக் கல்வியை அப்படியே பெயர்த்து மாத்தளையில் நட்டால் அது நகைப்புக்கு இடமாகும். அந்நூல்கள் நடையை ஒரு புது அனுபவமாகக் கொள்கின்றன. இம்மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு நடை புதுமை அன்று. பாடசாலைக்கு வருவதே ஏற்றமும் இறக்கமுமான நடைதான். விறகுக்கும் தண்ணீருக்கும் சரிவுகளில் ஏறி இறங்கியவர்கள் அவர்கள். அவர்களுடைய முன்னோர் 19-ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காக அழைத்துவரப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். பசியாலும் கொள்ளைநோயாலும் வழியில் வீழ்ந்தோர் எத்தனையோ பேர். எந்த மரத்தடியில் தங்கலாம், எந்த நீரைக் குடிக்கலாம், நோயுற்றவரை எப்படித் தூக்கிச் செல்வது என்று அவர்கள் உயிரைக் கொடுத்துக் கற்ற அறிவு அனைத்தும் ஏடேறாமலே போயிற்று. 2023-இல், அவ்வருகையின் 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து ஜூலை இறுதியிற் புறப்பட்ட நடைபவனி ஆகஸ்ட் 12-இல் மாத்தளையில் நிறைவெய்தியது. இம்முறை நடந்தவர்களைச் செய்தியாளர் பின்தொடர்ந்தனர்; எழுதினர்.

இப்பிள்ளைகளுக்குச் சாகசம் எங்கே இருக்கிறது? ஒருவேளை ஏறுவதில் இராது. வரைபடத்தை விரித்துத் தாம் நாள்தோறும் நடக்கும் பாதையை அதில் அடையாளம் காண்பதில் இருக்கலாம். நகரத்துப் பிள்ளைகள் பின்னே வர, தாம் வழிகாட்டியாக முன்னே நடப்பதில் இருக்கலாம். நீச்சற் பயிற்சியில் இருக்கலாம். ஓடைகளுக்கிடையே வாழும் பிள்ளைகளுள் முறையாக நீந்தக் கற்றவர் எத்தனை பேர்? எது அவர்களுக்குரிய சவால் என்று கண்டறிவது மோரே ஹவுஸிலோ கோர்ட்லண்டிலோ நடக்கக்கூடிய ஆராய்ச்சியன்று. அது தமிழும் சிங்களமும் அறிந்த ஓர் ஆசிரியர், இம்மலைகளில் இருந்துகொண்டே எழுதவேண்டிய ஆய்வேடு.

அத்தகைய படிப்பு வரும்வரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. பாடத்திட்டத்தில் வெளிக்களச் செயற்பாடுகளுக்கு இடமுண்டு. ஊக்கமுள்ள உடற்கல்வி ஆசிரியர்களும் சாரண ஆசிரியர்களும் ஆங்காங்கே உண்டு. இடர்ப்பாடு யாதெனில், அரசாங்கப் பாடசாலை ஆசிரியருக்கு இடமாற்றம் உண்டு. ரிவர்ஸ்டன் பாதையை ஆறு ஆண்டுகள் நடந்து அறிந்த ஒருவர் ஒரு ஜனவரி மாதம் பொலன்னறுவைக்கோ மட்டக்களப்புக்கோ மாற்றப்படுகிறார். பிரியாவிடை நடக்கிறது, புகைப்படம் எடுக்கிறார்கள், பூமாலை சூட்டுகிறார்கள். பாதையும் அவரோடு போய்விடுகிறது. புதிதாக வரும் இளைஞர் அடுத்த ஆண்டு அதே ஓடையைப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்.

ஆகவே பாடசாலை தோறும் ஒரு தடித்த குறிப்பேடு இருக்கட்டும். சம்பவத் திரட்டுப் புத்தகத்துக்கு அருகில், அதிபரின் அலுமாரியில், அது வைக்கப்படட்டும். சென்ற நாள், சென்றவர் தொகை, புறப்பட்ட நேரம், மூடுபனி இறங்கிய நேரம், ஓடையில் நீரின் அளவு, அட்டைக்கடி, அழுத பிள்ளை, திரும்பி வந்த நேரம் எல்லாம் அதில் ஏறட்டும். உச்சிக்குப் போகாமல் பாதிவழியில் திரும்பிய பயணங்களைச் சிவப்பு மையில் எழுதலாம். பின்னர் வருகிறவர் முதலிற் படிக்கவேண்டிய பக்கங்கள் அவைதாம். மாற்றலாகிப் போகும் ஆசிரியர் அலுவலக மேசையில் அமர்ந்து கடைசிக் குறிப்பை எழுதிக் கையொப்பமிட்டு, அடுத்து வருபவரிடம் அந்த ஏட்டைக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறுவாராக.